ஷெட்டுக்குப் பத்துக் கோழி

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, இந்த ஊட்டக் கூட்டறதுக்கே இப்ப ஆளில்ல. அந்தச் சேர்ல உக்காருங்க. அது மேல கெடக்கற நீலப் போர்வைய மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க. கீழ போட்டறாதீங்க. ஆங், இப்பிடிக் குடுங்க.

ரத்தம் எடுக்க வந்தீங்களாக்கும். தலையாரி காத்தாலயே சொல்லிப்போட்டுப் போனாரு. ஊருக்கு முப்பது ஊட்டப் பொறுக்கி எடுத்து, ஊட்டுக்கு ஒரு ஆளுக்கு ரத்தம் எடுத்து, கொரோனாவுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்குதான்னு பாக்கறது. அப்பிடித்தானுங்களே? ஊட்டுக்கு ஒரு ஆளு. ம். எனக்கு நீங்க இத வெளக்கவே வேண்டாமுங்க. இதையேதான் நானு முப்பத்தோரு வருசமாப் பண்ணிக்கிட்டு இருக்கறனுங்க, கோழிக்கு.

ஆமாங்க, கோழிக்கு ஊசி போடறவன் நானு. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தப் பண்ணைக்கு வேணாலும் போயி காளியண்ணன்னு கேட்டுப் பாருங்க. ஊசிக்காளியண்ணனான்னு கேப்பாங்க. கண்ணுல சொட்டு உடறது, தண்ணியில மருந்து கலக்கறது, ரெக்கைச் சவ்வுல அம்மை ஊசி குத்தறது, எல்லாம் நம்ம கைதான். கோழியப் புடிச்சுக் குடுக்கறவன் அடுத்ததுக்குக் கைய நீட்டறதுக்குள்ள நானு குத்தி முடிச்சிருப்பேன். ஆனா குத்திட்டா மட்டும் ஆச்சுங்களா? மருந்து ஏறுச்சான்னு பாக்கோணுமுல்ல? அங்கதான் அம்மிணி படிப்பு இருக்குது. ஒரு ஷெட்டுல அஞ்சாயிரம் கோழி நிக்கும். அஞ்சாயிரத்துக்கும் ரத்தம் எடுக்க முடியுமுங்களா? பத்தே பத்தப் புடிப்போம். ஓரத்துல ரெண்டு, நடுவுல ரெண்டு, தண்ணித் தொட்டிக்கிட்ட ரெண்டுன்னு பொறுக்கிப் புடிச்சு, ரெக்கை நரம்புல சொட்டு எடுத்து, நாமக்கல்லு லேபுக்குத் தாட்டி உட்டா எதிர்ப்புச் சக்தி எத்தனைன்னு நம்பரு வந்துரும். பத்துக்கும் நம்பரு நல்லா இருந்துச்சுன்னா அஞ்சாயிரத்துக்கும் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ஒரே கூரை, ஒரே தண்ணி, ஒரே காத்து. அப்பறம் என்ன?

இன்னொண்ணுங்க. ஷெட்டுல ஒரு கோழிக்குச் சீக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்ததுதான். கழிச்சல் தெரிஞ்சாலும் வந்ததுதான், தெரியாட்டியும் வந்ததுதான். அப்பிடி அடிபட்டுத் தப்பிச்ச ஷெட்டுக்கு அப்பறமா ஒரே ஒரு தடவை மருந்து குடுத்துப் பாருங்க, நம்பரு சும்மா எகிறும். புது ஷெட்டுக்கு ரெண்டு தடவை குடுத்தாலும் அந்த நம்பரு வராது. ஒடம்புக்கு எதிரிய அடையாளம் தெரியுமுல்ல, அதனால. எந்தப் பண்ணையிலயும் இன்னிக்கு வரைக்கும் நானு சொன்னது தப்புனதில்லீங்க.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றன்னா, நானு வெவரங்கெட்டவன் இல்லீங்க. ஊர்ல பாதிப் பேரு ஊசி போட்டா செத்துருவோம்னு சோளக்காட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டாங்க. அன்னிக்கு மொத ஆளாப் போயிக் கைய நீட்டுனவன் நானு. எங்கூட்டுக்காரியவும் கூட்டிக்கிட்டுத்தான் போனனுங்க. அத உங்க பேப்பர்ல எழுதிக்குங்க. அவளுக்கு மொத ஊசி போட வெச்சது நாந்தான். அத மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க.

படத்தப் பாக்கறீங்க. அவதானுங்க. பாவாயி. வைகாசி பதினெட்டாந் தேதி போயிட்டா. இப்ப ஆடி பொறந்துருச்சு. அம்பத்திரண்டு வயசு. சக்கரை இருந்துச்சு, மத்தபடி ஒண்ணுமில்ல. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனா மரத்து மேலயே ஏறுவா.

ஊசிய அப்பறமாக் குத்தலாமுங்க, ரத்தம் எடுக்கறதுக்கு என்ன அவசரம்? நானு சொல்றதச் செத்த கேளுங்க. நீங்க படிச்ச பிள்ள. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும், அதுக்கு மொதல்ல நடந்தது தெரியோணுமுல்ல.

எனக்கு அந்தச் சீக்கு வந்தது போன பொரட்டாசியில. பண்ணையில கூட வேலை செஞ்சவனுக்கு வந்துச்சு, அவங்கிட்ட இருந்து எனக்கு. ஆஸ்பத்திரியில எடமில்ல, ஊட்லயே தனியா இருங்கன்னுட்டாங்க. அதா, அந்த உள் ரூம்புதான். பதினாலு நாளு கதவத் தொறக்கல. காச்சலு, இருமலு, மூக்குல ஒரு வாசம் தெரியாது, சோறு தின்னா மண்ணு தின்ன மாதிரி இருக்கும். பாவாயிக்கும் மூக்குல குச்சி உட்டுப் பாத்தாங்க. இல்லைன்னு வந்துச்சு. அந்தக் குச்சி பாதிக்குப் பாதி பொய்தான் சொல்லும், ஊருக்கே தெரியும். ஒரே ஊட்ல இருந்துக்கிட்டு இல்லைன்னா நம்பற மாதிரியா இருக்குது?

அவ பாத்தது மாதிரி யாரும் பாக்க முடியாதுங்க அம்மிணி. காத்தால அஞ்சு மணிக்கெல்லாம் பாத்திரம் உருட்டற சத்தம் கேக்கும். சன்னலுக்குத் தட்டு வரும். கஞ்சி, கொள்ளு ரசம், நாட்டுக்கோழிச் சாறு. நானு திங்கற வரைக்கும் மூஞ்சியில சீலைய இறுக்கிக் கட்டிக்கிட்டு வெளியவே நிப்பா. "மாத்திரை முழுங்குனீங்களா? முழுங்குனத நானு பாக்கலையே, மறுபடியும் வாயத் தொறங்க"ம்பா. பொழுது எறங்குனா, "நானு படுக்கப் போறனுங்க"ன்னு ஒரு சத்தம் குடுப்பா. அவ்வளவுதான். அதுக்கப்பறம் தொண்டை கிழியக் கூப்புட்டாலும் பதிலே வராது. நானு உள்ளுக்குள்ள இருமிச் சாவறேன், இவ முன் ரூம்புல மரக்கட்டையாட்டக் கெடக்கறா! விடிஞ்சதும் கேட்டா, "அசந்து தூங்கீட்டனுங்க"ன்னு தலையக் குனிஞ்சுக்குவா. தூங்குமூஞ்சின்னே பேரு வெச்சுட்டேன். ஒறம்பற சனம் வந்தா அவிங்க முன்னாடியே சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பா.

நல்லாகி வெளிய வந்தேன். அப்ப நம்மூர்ல ஒரு கூத்து நடந்துச்சு. பால் சொசைட்டிக்காரனுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே அவம் பொண்டாட்டி பொட்டியத் தூக்கிக்கிட்டு ஆத்தா ஊட்டுக்குப் போயிட்டா. இன்னொருத்தி புருசனுக்குச் சோத்த வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டு ஓடறா. எனக்கு அதப் பாக்கப் பாக்க அவ்வளவு ஆங்காரம். டீக்கடையில உக்காந்து சத்தமாச் சொன்னனுங்க. எங்கூட்டுக்காரியப் பாருங்கடா, பதினாலு நாளும் எங்கூட ஒரே கூரைக்கடியில இருந்தா, ஒரு ராத்திரி நகரல, பொம்பளைன்னா அப்பிடி இருக்கோணும்னு. டீக்கடையில சொன்னேன், பண்ணையில சொன்னேன், ஒரு கல்யாணப் பந்தியில சொன்னேன். அவ பக்கத்துல நிக்கறப்பவே சொல்லுவேன். மூஞ்சி செவந்துரும், ஏதாச்சும் வேலை இருக்கற மாதிரி எந்திரிச்சு உள்ள போயிருவா. ஒருக்கா, "ஏனுங்க, இதப் போயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, உட்டுருங்களே"ன்னா. புகழ்ந்தா அவளுக்கு ஆவாது, அடக்கமான பொம்பளை. நானு உடல, இன்னுங்கொஞ்சம் சொன்னேன்.

அந்தச் சமயத்துலதான் இந்தப் போர்வை காணாமப் போச்சுங்க. சென்னிமலையில நானே பாத்து எடுத்துக் குடுத்தது. போர்வை எங்க பிள்ளன்னு அவளக் கேட்டா, தொவச்சு வேலியில போட்டனுங்க, காத்துல போயிருச்சுங்கறா. இத்தாச்சோடு கனத்த போர்வை காத்துல போவுமா? கண்ணு தெரியாதவ, கை ஓட்டைன்னு ஒரு வாரம் பேசுனேன்.

சரி, இப்ப பங்குனிக்கு வர்றேன். ஊசி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல முகாமு. கம்ப்யூட்டர் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த பிள்ள, "முன்னாடி கொரோனா வந்துருக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டு பேத்துக்கும் வந்துருச்சுன்னேன். பாவாயி, "எனக்கு..."ன்னு ஏதோ இழுத்தா. "அவளுக்குந்தான் எழுதும்மா, ஒரே ஊடு"ன்னேன். அந்தப் பிள்ளையும் எழுதிக்கிச்சு.

ஊசி போட்டு ஊட்டுக்கு வந்தா எனக்குக் காச்சலு. ரெண்டு நாளு. கை இப்பிடி வீங்கிக் கெடக்குது, ஒடம்பெல்லாம் ஒலக்கையில குத்துன மாதிரி. பாவாயிக்கு ஒண்ணுமே பண்ணலீங்க. அன்னிக்குச் சாயங்காலமே ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டா. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே, மருந்து ஏறலையோ?"ன்னு கேட்டா. நானு சிரிச்சேன். அம்மை ஊசி குத்துன கோழிக்கு ரெக்கையில தழும்பு விழுந்தா மருந்து ஏறிடுச்சுன்னு அர்த்தம். தழும்பு விழலைன்னா அது ஒடம்புல முன்னாலயே சத்து இருக்குதுன்னு அர்த்தம். எனக்கு ஏறுச்சு, உனக்கு முன்னாலயே இருக்குதுன்னேன். பண்ணையில தழும்பு விழாட்டி மருந்து கெட்டுப் போச்சோன்னும் பாப்போம், அது வேற. அவகிட்ட எதுக்கு அதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தறது?

அப்பறந்தான் ஒரு டாக்டரு பேசுனது போன்ல வந்துச்சு. ஏற்கெனவே கொரோனா வந்தவிங்களுக்கு ஒரு ஊசி போட்டாலே, வராதவிங்களுக்கு ரெண்டு ஊசி போட்ட அளவுக்கு எதிர்ப்புச் சக்தி வருதுன்னு ஆராய்ச்சியில கண்டுபுடிச்சிருக்காங்களாம். எனக்கு அப்பிடியே மேலு சிலுத்துப் போச்சு. நாம முப்பது வருசமா ஷெட்டுல பாக்கறத இப்பத்தான் இவிங்க மனுசனுக்குக் கண்டுபுடிக்கறாங்க! இருந்தாலும் ஒரு தடவை பாத்தறலாம்னு திருச்செங்கோட்டுக்குப் போயி ஒரு லேபுல ரத்தம் குடுத்தேன். பாவாயியும் கூட வந்தா. என்ன வந்துச்சு தெரியுமுங்களா? இருங்க, எடுத்தாறேன்.

இந்தாங்க. லேமினேசன் போட்டு வெச்சிருக்கறேன். அந்த நம்பரப் பாருங்க. லேபுக்காரனே எந்திரிச்சு வந்து, "அண்ணா, இத்தன எச்சா நானு யாருக்கும் பாத்ததில்லீங்கண்ணா"ன்னான். நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன்.

எனக்கு ரத்தம் எடுத்து முடிச்சதும் பாவாயி அந்த ஸ்டூல்ல வந்து உக்காந்துட்டாளுங்க. வளையல மேல ஏத்தி உட்டுக்கிட்டு கைய மேசை மேல வெச்சுட்டா. "எனக்கும் பாத்தறலாமுங்களே"ன்னா. "உனக்கெதுக்குப் பிள்ள? ஒரே ஷெட்டு. ஒரு சாம்பிளு போதும்"ன்னேன். லேபுக்காரன் சிரிச்சான், நானும் சிரிச்சேன். அவ வளையல ஒண்ணொண்ணாக் கீழ எறக்கி உட்டுக்கிட்டு எந்திரிச்சா.

அதத்தான் நானு அடிக்கடி நெனைக்கறேன். எடுத்துருந்தா நம்பரு தெரிஞ்சிருக்கும். எடுத்துருந்தா இன்னிக்கு உங்களக் கேக்கற வேலையே இருந்துருக்காது.

சித்திரை கடைசியில ரெண்டாவது ஊசி முகாமு. அப்ப ஊசிக்கு அடிபுடி. சோளக்காட்டுக்குள்ள ஒளிஞ்சவனெல்லாம் இப்ப வரிசையில நிக்கறான். நூறு டோக்கன்தான். நானு போவ வேண்டாம்னுதான் இருந்தேன். பாவாயிதான் நாலு நாளா நச்சு. "டோக்கனு மட்டும் வாங்கீட்டு வாங்க, டோக்கனு மட்டும் வாங்கீட்டு வாங்க." சரி, போயி நின்னு ரெண்டு டோக்கன் வாங்கிட்டேன். அவ தலை சீவி, பச்சை ரவிக்கை போட்டு, ஆதாரு அட்டைய முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்து நின்னா.

டோக்கன் தீந்து போச்சுன்னு சொன்னப்ப, தீவன லாரி ஓட்டற பழனிவேலும் அவஞ் சம்சாரமும் கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. அவிங்களுக்கு ஒரு ஊசி கூடப் போடல, சீக்கும் வந்ததில்ல. அவஞ் சம்சாரம் அழுவுது. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு டோக்கனையும் எடுத்து நீட்டுனேன். புடிச்சுக்க பழனிவேலு, எங்களுக்கு ஒண்ணே ரெண்டுக்குச் சமம், நம்பரு அப்பிடி இருக்குதுன்னேன். வரிசையே என்னத் திரும்பிப் பாத்துச்சுங்க. ஒரு பெரியவரு கையெடுத்துக் கும்புட்டாரு.

பாவாயி எங்கையப் புடிச்சா. "ஏனுங்க, அவளுக்கு உங்களோடதக் குடுங்க. எனக்கு மட்டும் போட்டுக்கறனே." மெதுவாத்தான் சொன்னா. எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. குடுத்ததத் திருப்பி வாங்கறதா, அத்தன பேத்துக்கு முன்னால? "உனக்குத்தான் வந்துருச்சே, அப்பறம் என்ன?"ன்னேன். "எனக்கு வந்துச்சோ என்னமோ, யாருக்குங்க தெரியும்?"ன்னா. அப்ப நானு கேட்டேன். சத்தமாவே கேட்டேன். "பதினாலு நாளும் ஒரே கூரைக்கடியில எங்கூட இருந்தவளுக்கு வராமப் போவுமா? இருந்தயா இல்லையா? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும், சொல்லு."

அவ என்னப் பாத்தா. வரிசையப் பாத்தா. பொறவாசல் ஊட்டு அத்தாயக்காவும் அந்த வரிசையில நின்னா, அவளையும் பாத்தா. அப்பறம் சொன்னா, "ஆமாங்க, இருந்தனுங்க"ன்னு.

அவ வாயாலயே சொன்னா அம்மிணி! நூறு பேரு சாட்சி. நானு என்ன பண்ணுவேன்? அவ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டோக்கனப் புடுங்கியாச்சும் குடுத்துருப்பேன். குடுத்துருப்பனுங்க. நானு அப்பிடிப்பட்டவன் இல்ல.

பத்துப் பன்னெண்டு நாளு போயிருக்கும். "ரசத்துல உப்புப் போட்டனா, ஒண்ணுமே தெரியலீங்களே"ன்னா. காச்சலு அடிச்சுச்சு. வெயிலுக்கு வந்துருக்கும், வந்தவிங்களுக்கு மறுபடியும் வராதுன்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன். மூணு நாளு அப்பிடியே போச்சு. அந்த மூணு நாளத்தான் ஆஸ்பத்திரியிலயும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நாலாவது நாளு படியேறுனவ பாதியில உக்காந்துட்டா, மூச்சு வாங்குது. ஆம்புலன்சு வந்து எடுத்துக்கிட்டுப் போச்சு. பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிக வரிசையா நிக்குது. எடங் கெடைக்கறதுக்கே பொழுது சாஞ்சு போச்சு.

டாக்டரு சின்னப் பையன். "எத்தன ஊசி போட்டுருக்காங்க?"ன்னு கேட்டான். ஒண்ணுதானுங்க, ஆனா இவளுக்கு முன்னாலயே வந்து போயிருச்சு, அதனால ரெண்டுக்குச் சமம்னேன். அந்தப் பேப்பரையும் காட்டுனேன். "இது யாரோட ரிப்போர்ட்டு?"ன்னான். என்னோடதுன்னேன். பேப்பர எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு 'ஒண்ணு'ன்னு எழுதிக்கிட்டான்.

ஒம்போது நாளு. கூட இருந்து பாக்கறதுக்கு ஆளில்லாம தவிச்ச நேரம், அதனால என்ன உள்ள உட்டுட்டாங்க. எல்லாரும் தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு நிக்கறாங்க, நானு ஒரு துணி மாஸ்க்கோட அவ தலைமாட்டுல. அவ இருமுனா எம் மூஞ்சியிலதான் படும். துடைச்சு உடுவேன். எனக்கு ஒரு தும்மலு வல்லீங்க அம்மிணி. ஒரு தும்மலு. அந்த நம்பரு பொய் சொல்லல பாத்தீங்களா? எனக்கு வேலை செஞ்சுது.

கடைசிக்கு மொத நாளு மூஞ்சியில இருந்த ஆக்சிஜன் மூடியக் கையால தள்ளிப்போட்டு, "ஏனுங்க, பொரட்டாசியில நானு..."ன்னு ஆரம்பிச்சா. பேசாத பிள்ள, காத்துப் போயிரும்னு மூடிய எடுத்து மறுபடியும் வெச்சு உட்டேன். ரெண்டு தடவை தள்ளுனா, ரெண்டு தடவையும் வெச்சு உட்டேன். பொரட்டாசியில என்னப் பாத்துக்கிட்டாளே, அதச் சொல்ல வந்தான்னு நெனச்சேன். அதுக்கு நானு, "எனக்குத் தெரியும் பிள்ள, நீ எங்கூடவே இருந்த, இப்ப நானு உங்கூடவே இருக்கறேன்"னு சொன்னேன். அவ கண்ணுல தண்ணி வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டா.

பையில சுத்திக் குடுத்தாங்க. மூஞ்சியக் கூட முழுசாப் பாக்கல.

கருமாதி முடிஞ்சு மறுநாளு அத்தாயக்கா வந்தா. அதா தெரியுது பாருங்க, சன்னலு வழியா, ஓட்டுக் கொட்டாயி, அவிங்க தறிக்கொட்டாய். கொரோனாவுல தறி ஓடாம பூட்டித்தான் கெடந்துச்சு. அவ வந்து வாசப்படியிலயே நின்னுக்கிட்டா. கையில இந்தப் போர்வை. மடிச்சு வெச்சிருந்தா.

"காளியண்ணா, இது பாவாயியோடது. எங்க கொட்டாயில கெடந்துச்சு"ன்னா. பறந்து போனது இங்கயா வந்து உழுந்துச்சுன்னு கேட்டேன். வெவரமில்லாமக் கேட்டேன். அப்பத்தான் அவ சொன்னா.

"பறக்கலீங்கண்ணா. பொரட்டாசியில உங்களுக்கு வந்தப்ப பாவாயி பதினாலு நாளும் எங்க தறிக்கொட்டாயிலதான் படுத்தா. நர்சம்மா வந்து, உனக்குச் சக்கரை இருக்குது, அவரு இருக்கற ஊட்டுக்குள்ள காலு வெக்காத, சோத்தச் சன்னல்ல வெச்சுட்டு நகந்துக்கன்னு பயமுறுத்திப்போட்டுப் போச்சு. சமையலு கூட வெளியடுப்புலதான் ஆக்குனா. பயந்துக்கிட்டு ஓடிட்டான்னு நீங்க நெனைச்சுருவீங்கன்னு சொல்லல. நல்லாகட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தா. அதுக்குள்ள நீங்க டீக்கடையில ஆரம்பிச்சுட்டீங்க. அதுக்கு மேல அவ எப்பிடிங்கண்ணா சொல்லுவா? எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லீங்க. அன்னிக்கு வரிசையில நீயும்தான நின்ன, நீ சொல்லியிருக்கலாமுல்லன்னு சண்டைக்குப் போனேன். "நூறு பேத்துக்கு முன்னால நீங்க கேட்டீங்க, அவ இருந்தேன்னா. நானு பொய்யின்னு சொல்லி அவளச் சந்தி சிரிக்க வெக்கறதா?"ன்னு அழுவறா. அழுது என்ன பண்றது? அன்னில இருந்து அவகிட்டப் பேச்சுவார்த்தை கெடையாது. அவ வாயத் தொறந்திருந்தா எம் பொண்டாட்டி இருந்துருப்பா. அத்தாயக்காவாலதானுங்க. அந்த நர்சம்மாவாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனாங்களா? முகாமுல எழுதுன பிள்ளயாவது அவளப் பேச உட்டுதா? ஆளாளுக்கு மூடி மறைச்சாங்க. எங்கிட்ட ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது? நானு என்ன, அவ நகந்து படுத்தான்னா கொன்னா போட்டிருப்பேன்?

கொஞ்சம் பேசியிருப்பேன். அது உண்மைதான். டீக்கடையிலயும் பேசியிருப்பேன்.

இப்பத்தான் அம்மிணி நானு கேக்க வேண்டியது. அந்தக் கொட்டாய்க்கும் இந்த ஊட்டுக்கும் இருபதடி. நானு அளந்து பாத்துட்டேன். பண்ணையில ஒரு ஷெட்டுல இருந்து பக்கத்து ஷெட்டுக்குச் சீக்குப் போவறதில்லீங்களா? எத்தனையோ தடவை போயிருக்குது, நானே பாத்துருக்கறேன். அப்பறம் நானு தின்ன தட்ட அவதான கழுவுனா? என் துணிய அவதான தொவச்சா? சன்னல்ல நிக்கறப்ப நானு அந்தப் பக்கம் இருமியிருப்பேன், சீலை முந்தானை என்னத்தத் தடுக்கும்? அவளுக்கு மொதல்லயே வந்துதான இருக்கோணும்? வந்து, வெளிய தெரியாமப் போயிருக்குமுல்ல? வந்துருந்துச்சுன்னா ஒரு ஊசி போதும்னு நானு சொன்னது சரிதானுங்களே. அப்ப இது விதி, இல்லாட்டி இந்தத் தடவை வந்த கிருமி வேற, என் தப்பு இல்ல. ரெண்டாவது போட்டிருந்தாலும் இருந்துருப்பாளான்னு யாருக்குத் தெரியும்? வந்துருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. படிச்ச பிள்ள, நீங்க சொன்னா நானு நம்பிக்குவேன்.

அவ ரத்தம் அந்த ஆஸ்பத்திரியில எங்கயாச்சும் ஒரு சொட்டு இருக்குமுங்களா? இருந்தா அதுல பாத்துத் தெரிஞ்சுக்க முடியுமா? அது இந்தச் சீக்குல வந்ததா, பொரட்டாசியில வந்ததான்னு பிரிச்சுக் காட்டுமா?

முடியாதுன்னு தலைய ஆட்டறீங்க. சரி. விடுங்க. நீங்க பொய் சொல்ற ஆளில்ல போல இருக்குது. இப்ப அது எனக்குப் புடிக்கல.

எனக்கும் தெரியும். தெரியாம இல்லீங்க. அன்னிக்கே போர்வைய வாங்குனப்பவே தெரிஞ்சு போச்சு. அவ வேற ஷெட்டு. நானு இந்த ஷெட்டுல எடுத்த ரத்தத்த வெச்சுக்கிட்டு அந்த ஷெட்டுக்கு மருந்து வேண்டாம்னுட்டேன். புதுசா வேலைக்கு வர்ற பையன் கூட அந்தத் தப்பப் பண்ண மாட்டான். பண்ணுனா நானே செருப்பால அடிச்சிருப்பேன். போன மாசத்துல இருந்து நானு பண்ணைக்குப் போவறதில்லீங்க.

இந்தாங்க கை. இந்தக் கைதான், நரம்பு நல்லாத் தெரியும். குத்துங்க, வலிக்காது. எச்சாத்தான் இருக்கும், பாத்துக்குங்க. உங்க லேபுக்காரங்களும் எந்திரிச்சு வந்து பாப்பாங்க.

என்ன கேட்டீங்க? ஊட்ல மொத்தம் எத்தன பேருன்னா?

ஒண்ணுன்னு எழுதிக்குங்க. ஊட்டுக்கு ஒரு ஆளு எடுக்கறது இங்க சரியாத்தான் இருக்கும் அம்மிணி. இப்ப எம்பட ரத்தத்தப் பாத்தீங்கன்னா, ஊடு பூராவும் பாத்த மாதிரி.